செசிலியின் சீட்டு

4 அக்டோபர் 1982

இன்று நானூற்று இருபது சிப் முடித்தேன். எங்கள் வரிசையில் நானூற்றைத் தாண்டியவள் இதுவரை செசிலி ஒருத்திதான். அவள் இன்றைக்கு நானூற்று அறுபது. அவள் மனுஷியே இல்லை, மிஷின் என்று பின்னால் உட்காரும் ரொகையா மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அமெரிக்காவுக்கு இருபது லட்சம் விளையாட்டுக் கேசட் போய்ச் சேர வேண்டுமாம். பாட்டுக் கேசட் இல்லை. டெலிவிஷனோடு ஒரு பெட்டியை மாட்டி, அந்தப் பெட்டியில் இந்தக் கேசட்டைச் செருகினால் திரையில் விளையாட்டு வருமாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கேசட்டுக்குள் ஒரு பச்சை அட்டை, அட்டையில் ஒரு கறுப்புச் சிப். சிப்புக்கு இருபத்துநாலு கால் இருப்பதால் நாங்கள் அதைப் பூச்சி என்போம். பூச்சியின் வயிற்றில் அரை அரிசி அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி ஒட்ட வேண்டும். தட்டு நிறைந்ததும் ஒட்டியவளின் எண் போட்ட சீட்டைச் செருகி அனுப்ப வேண்டும். என் எண் பதினாறு. பக்கத்தில் உட்காரும் செசிலி பதினேழு.

காலை ஏழுக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்குத்தான் தலை நிமிர்கிறோம். வெளியே வந்தால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் வெயில் கண்ணைக் குத்துகிறது.

12 அக்டோபர்

அம்மாவிடமிருந்து கடிதம். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக் கிராணியின் மகள் எழுதிக் கொடுத்தது. அம்மா வேலை பார்த்த ரப்பர் தோட்டம் வேறு முதலாளிக்குக் கைமாறுகிறது. அம்மா மாதிரி வேலையை விட்டு நின்றவர்கள் மார்ச் மாதத்துக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "நீ கவலைப்படாதே" என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

சுங்கை டுவாவில் நாங்கள் எட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் செசிலியும் ஒரு கட்டிலைப் பகிர்ந்துகொள்கிறோம். இங்கே அம்மாவை எங்கே படுக்க வைப்பது.

சூப்பர்வைசர் தேவசகாயத்தை எல்லோரும் மிஸ்டர் தேவா என்போம். அவர் இன்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார். "மார்ச்ல புது லைன் லீடர் வேணும். உன் பேரும் இருக்கு, செசிலி பேரும் இருக்கு. ரெக்கார்டு சுத்தமா இருக்கணும்."

லைன் லீடர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வேண்டியதில்லை. தனி அறை எடுக்கிற அளவுக்குச் சம்பளம் வரும்.

செசிலியிடம் சொன்னேன். "எனக்கு வேணாம் லா. ஆளுங்கள ஏசுற வேலை எனக்கு வராது. நீயே எடுத்துக்கோ" என்றாள்.

20 அக்டோபர்

துணி துவைத்தேன். சமையல் முறை என்னுடையது. கருவாட்டுச் சம்பலில் உப்பு கூடிவிட்டது. அறையில் பல்பு மங்கல், மாற்ற வேண்டும் என்று சொன்னேன். மற்ற ஏழு பேரும் நன்றாகத்தானே எரிகிறது என்கிறார்கள்.

5 நவம்பர்

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் டெலிவிஷன் வைத்து அந்த விளையாட்டுப் பெட்டியைக் காட்டினார்கள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் வேகம் கூடும் என்று மேனேஜர் நினைத்தாராம்.

மிஸ்டர் தேவா கேசட்டைச் செருகி ஒரு கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். திரையில் சதுரமாக ஒருவன் ஓடினான். மேலேயிருந்து புள்ளி புள்ளியாக ஏதோ விழுந்தது. அவன் தப்ப வேண்டும். கீச் கீச் என்று சத்தம். இருநூறு பெண்கள் நின்று பார்த்தோம்.

"இவ்வளவுதானா மிஸ்டர் தேவா?" என்றாள் செசிலி. கூடமே சிரித்தது.

"இப்ப இதுதான். அமெரிக்காவுல ஒவ்வொரு வீட்டுலயும் இது இருக்கு. அடுத்தது கம்ப்யூட்டராம். கணக்குப் போடும், கடிதம் எழுதும். டைப்ரைட்டர் மாதிரி வீட்டு மேசையில வெச்சுக்குவாங்க. அதுக்கும் நீங்கதான் கம்பி ஒட்டணும்."

எங்களையும் ஒவ்வொருவராக ஆடச் சொன்னார். செசிலி முதல் முறையே பதினொரு நிமிஷம் தப்பித்தாள். வரிசைகள் எல்லாம் கைதட்டின. நான் மூன்று தடவையும் உடனே செத்தேன். விழுகிற புள்ளிகள் எனக்குத் தெரியவே இல்லை. அந்த டெலிவிஷனில் படம் சரியில்லை.

17 நவம்பர்

இன்று என் தட்டுகளில் பத்து கழிவு. பரிசோதனை மேசையில் மோதிக்கொண்ட கம்பி, விட்டுப்போன கம்பி என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாளில் பத்துக்கு மேல் போனால் ஓர் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வந்தால் கம்பி வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். லைன் லீடர் பேச்சே இருக்காது.

மைக்ரோஸ்கோப் பழுது என்று மிஸ்டர் தேவாவிடம் சொன்னேன். அவர் செசிலியைப் பார்க்கச் சொன்னார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் அழுக்கா இருக்கு சார், தொடைச்சா சரியாயிரும்" என்றாள். அவர் போன பிறகு என்னைப் பார்க்காமலே மெதுவாகப் பேசினாள்.

"மைக்ரோஸ்கோப் நல்லாத்தான் இருக்கு, பூங்கா. உனக்கு என்னா தெரியுது?"

"ஒரு கம்பி ரெண்டா தெரியுது. களைப்பு."

"எவ்வளவு நாளா?"

"களைப்புன்னு சொன்னேன்ல."

அடுத்த சிப்பை எடுத்து ஒட்டத் தொடங்கினாள். பிறகு சொன்னாள்: "தெனம் ரெண்டு தட்டு மாத்திக்குவோம். உன்னோடதுல என் சீட்டை வெச்சிரு, என்னோடதுல உன் சீட்டை வெச்சிரு. எனக்குக் கழிவே வர்றதில்ல. அஞ்சாறு வந்தா ஒண்ணும் ஆவாது."

19 நவம்பர்

கழிவு ஆறு. நல்ல நாள்.

28 நவம்பர்

ஞாயிறு. செசிலி பூசைக்குப் போய்விட்டு வந்து, ஜார்ஜ் டவுனில் ஒரு கண் டாக்டர் இருக்கிறார், போகலாம் வா என்றாள். போகவில்லை. கண்ணாடி போட்டவர்களைக் கம்பி வேலையில் வைப்பதில்லை. பொட்டலம் கட்டப் போடுவார்கள், ஆறு மாதத்தில் ஆள் அதிகம் என்று அனுப்புவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப புதன்கெழம டெஸ்ட்டுக்கு என்னா செய்வ?" என்றாள்.

1 டிசம்பர்

கம்பெனி கிளினிக்கில் கண் பரிசோதனை. செசிலி எனக்கு முன்னால் போனாள். வெளியே வந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று கீழ் இரண்டு வரி எழுத்துகளையும் முணுமுணுத்தாள். நான் அவற்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய் நின்றேன். இடது கண்ணை மூடச் சொன்னார்கள், சொன்னேன். வலது கண்ணை மூடச் சொன்னார்கள், சொன்னேன். நர்ஸ் மிஸ்ஸி கார்டில் முத்திரை குத்தினாள்.

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

9 டிசம்பர்

ஏதோ சரியில்லை. மேனேஜர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். அமெரிக்காவில் விளையாட்டு விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை, கம்பெனிகளின் பங்கு சரிந்துவிட்டது என்று ஆங்கிலப் பேப்பரில் வந்திருக்கிறதாம். கடை கடையாக ஒரே மாதிரி விளையாட்டு குவிந்துகிடக்கிறதாம். மாலை ஓவர்டைம் கிடையாது என்று அறிவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

செசிலி சீக்கிரம் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் கோழி சமைத்தாள்.

25 ஜனவரி 1983

இந்த நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்போல் இருக்கிறது. கோடு போட்ட பக்கத்தில் இரண்டு கோட்டுக்கு ஒரு வரி எழுதுகிறேன். பேனா முனை தடித்துவிட்டது.

இரண்டு தட்டு போதவில்லை. நாலு மாற்றுகிறேன். மற்ற இரண்டையும் செசிலி கழிப்பறைக்குப் போகும்போது மாற்றுகிறேன். கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொல்லுவாள். அதனால் கேட்கவில்லை.

இந்த வாரம் செசிலிக்கு முதல் எச்சரிக்கை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கை நடுங்குதா எனக்கு?" என்று விரல்களை நீட்டி என்னிடம் காட்டினாள். நடுங்கவில்லை என்றேன்.

18 பிப்ரவரி

அனுப்பிய சரக்கு திரும்பி வருகிறது. கன்டெய்னர் கன்டெய்னராக. பின் கட்டடத்துக் கிடங்கு நிறைந்துவிட்டது. கேசட் கெட்டுப்போனதால் திருப்பிவிட்டார்கள், கம்பி ஒட்டியதில் குறை என்று பேச்சு. சீட்டுகளைப் பார்த்து ஆளைப் பிடிப்பார்களாம்.

அம்மாவுக்கு எழுதினேன். அறை பார்த்துவிட்டேன், மார்ச் கடைசியில் வந்துவிடுங்கள் என்று.

3 மார்ச்

பத்து மணிக்கு செசிலியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பத்தே காலுக்கு என்னையும்.

உள்ளே மிஸ்டர் தேவாவும், இதுவரை நான் பார்த்திராத இரண்டு பேரும். செசிலி சுவரோரமாக நின்றாள். மேசைமேல் வேறு வேறு நாளில் ஒட்டிய நாலு தட்டு. நாலிலும் பதினேழாம் எண் சீட்டு. நாலும் என்னுடையவை. என் தட்டில் கடைசி வரிசையை நான் எப்போதும் இடமிருந்து நிரப்புவேன், அவள் வலமிருந்து நிரப்புவாள். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"நீ அவ பக்கத்துல உட்கார்றவ. இதெல்லாம் செசிலி வேலைதானா?" என்று மிஸ்டர் தேவா கேட்டார்.

"சீட்டுல அவ நம்பர்தான் இருக்கு சார்."

"அதைத்தான் கேட்கிறேன்."

"அவ நம்பர்தான் சார்."

அவர் எழுதிக்கொண்டார். செசிலி ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்னைப் போகச் சொன்னார்கள், போய் உட்கார்ந்து வேலை செய்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. சீட்டில் அவள் எண்தான் இருந்தது.

4 மார்ச்

செசிலியை நிறுத்திவிட்டார்கள். கவனக்குறைவால் கம்பெனிக்கு நஷ்டம் என்று கடிதம். காலையில் பெட்டி கட்டினாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி பஸ் ஆறே காலுக்கு வந்துவிடும்.

"வாளியையும் அடுப்பையும் வெச்சுட்டுப் போறேன். உங்கம்மாவுக்கு ஆகும்" என்றாள்.

"உங்க தோட்டத்துக்கா போற?"

"வேற எங்க போறது?"

பஸ் ஹாரன் அடித்தது. நான் ஓடினேன்.

21 மார்ச்

லைன் லீடர் ஆனேன். நீல நிற மேலங்கி. மைக்ரோஸ்கோப் கிடையாது.

29 மார்ச்

அம்மா வந்துவிட்டார். அறை பிடித்திருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதை நின்று பார்க்கிறார். "செசிலி எங்க, ஆளையே காணோம்?" என்றார். தோட்டத்துக்குப் போய்விட்டாள், அங்கே வேலை கிடைத்துவிட்டது என்றேன்.

பதினாறாம் நாற்காலியும் பதினேழாம் நாற்காலியும் காலியாக இருக்கின்றன. புதிதாக யாரையும் எடுக்கவில்லை.

19 மே

திரும்பி வந்த சரக்கை உடைக்கிற வேலை எங்கள் வரிசைக்கு வந்திருக்கிறது. மேற்பார்வை நான். அட்டைப் பெட்டியைக் கிழித்து, கேசட்டைச் சுத்தியலால் உடைத்து, பச்சை அட்டையைத் தனியாகப் போட வேண்டும். அதிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுப்பார்களாம். பிளாஸ்டிக் எல்லாம் குப்பைக்கு. இருபது பெண்கள் உட்கார்ந்து உடைத்தோம். கிடங்கில் காது அடைத்துப்போனது.

பதினொரு மணி இருக்கும். ரொகையா ஒரு பெட்டியை என் கையில் கொடுத்து, தடவிப் பார் என்றாள். மேலே கண்ணாடித் தாள் சுற்றியிருந்தது. கிழியவில்லை. அடுத்ததும் அப்படியே. அடுக்கில் நூறு பெட்டி எடுத்தோம். ஒன்றைக்கூட யாரும் திறந்ததில்லை.

மத்தியானம் மிஸ்டர் தேவா வந்தார்.

"சார், தெறக்காத பெட்டி. கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொன்னாங்க?"

"கெட்டுப்போச்சுன்னு அமெரிக்காக்காரன் சொல்லவே இல்ல. வாங்க ஆள் இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப செசிலி?"

அவர் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டார். என்மேல் கோபப்படவில்லை. ரொம்ப நிதானமாகத்தான் சொன்னார்.

"பூங்காவனம், ஆளைக் குறைக்கச் சொல்லி பிப்ரவரியிலயே தகவல் வந்திருச்சு. சும்மா நிறுத்தினா நஷ்டஈடு கொடுக்கணும். வேலை சரியில்லன்னு நிறுத்தினா கொடுக்க வேணாம். ஒவ்வொரு லைன்லயும் கார்டுல எச்சரிக்கை உள்ளவங்களா பார்த்து எடுத்தோம். உன் லைன்ல அவ மாட்டினா. நீயும் அவ நம்பர்னு சொல்லிட்ட. எங்களுக்கு அது வசதியாப் போச்சு."

"அந்த நாலு தட்டு?"

"சோதிச்சுப் பார்த்தோம். கழிவைத் தள்ளிட்டா மிச்சம் எல்லாமே நல்லா ஓடுச்சு."

மூன்று மணி வரை உடைத்தோம்.

22 மே

ஞாயிறு. அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

அந்தக் கார்டில் எச்சரிக்கை வந்தது என் தட்டுகளால். அவள் சம்மதித்த இரண்டு தட்டால் மட்டும் வந்திருக்காது. அவளுக்குத் தெரியாமல் மாற்றிய இரண்டும் சேர்ந்துதான் வந்தது. ஆபீசில் அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். என் கண் தெரியவில்லை என்பதும் அக்டோபரிலேயே தெரியும். பல்பு நன்றாகத்தான் எரிந்தது. பேனாவும் நல்ல பேனாதான்.

15 ஜூன்

காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். கம்பி ஒட்டும் பிரிவை மூடுகிறார்கள். முதல் தவணையில் முப்பது பேர். மிஸ்டர் தேவா என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "நீ லீடர், நீயே வாசிச்சுரு. உன் வாயால கேட்டா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றார்.

தாளைப் பிடித்தேன். சாம்பல் நிறத்தில் கோடுகள் தெரிந்தன. வலது கண்ணுக்குக் கீழே கொண்டுவந்தேன். இடது கண்ணுக்குக் கொண்டுபோனேன். முப்பது பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நான் துக்கத்தில் வாசிக்க முடியாமல் நிற்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

ரொகையா வந்து தாளை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஒன்பதாவது பெயரில் நின்றாள். என்னிடம் திரும்பி, அக்கா உன் பெயர் என்று மலாயில் சொன்னாள். பிறகு பத்தாவதை வாசித்தாள்.

27 ஜூன்

பெரிய ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரை இரண்டு கண்ணிலும் கிழிந்து விலகியிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண்ணில் ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணில் ஓர் ஓரம் மிஞ்சலாம். டிசம்பரில் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். "டிசம்பர்ல கம்பெனியில டெஸ்ட் எடுத்திருக்கே, கார்டுல நல்லா இருக்குன்னு போட்டிருக்கே" என்று கேட்டார். நான் கார்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

10 ஜூலை

அம்மா துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். படகு ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, சுங்கை பட்டாணியில் இறங்கி, விசாரித்து விசாரித்து செசிலியின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அவள் வேலையில் இருந்தாள். ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே புல்லைக் கருக்கும் மருந்து அடிக்கிறாள். முதுகில் பம்பு. கிட்டே வரும்வரை எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. மருந்து வாடைதான் முதலில் தெரிந்தது.

"யாரு, பூங்காவா? என்னா லா இப்படி மெலிஞ்சிட்ட?"

பம்பை இறக்கிவைத்தாள். கையைப் பிடித்தேன். விரல் நுனிகள் சொரசொரவென்று இருந்தன. இரண்டு விரலில் நகம் இல்லை.

"மருந்து பட்டா அப்படித்தான், முளைச்சிரும்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

சொல்லிவிட்டேன். "அந்தத் தட்டு நாலும் என்னோடது செசிலி."

"தெரியும். பார்த்த ஒடனே தெரிஞ்சுச்சு. நீயே சொல்லுவன்னு நின்னேன்."

"ஏன் நீ சொல்லல?"

"உங்கம்மா வரப்போறாங்கன்னு நெனச்சேன். அந்த நேரத்துல மனசுல அதான் வந்துச்சு. பஸ்ஸுல ஏறினப்பறந்தான் கோவம் வந்துச்சு."

"நீ ரெண்டுக்குத்தான் ஒத்துக்கிட்ட. மத்த ரெண்டையும் உனக்குத் தெரியாம தெனமும் மாத்தினேன். ஜனவரியிலேருந்து."

தூரத்தில் யாரோ வேலைக்காரர்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியாது" என்றாள். குரல் மாறியிருந்தது. "எனக்குத்தான் கை போயிருச்சுன்னு நெனச்சேன். தெனம் ராத்திரி ஊசியில நூல் கோத்துப் பார்த்துக்குவேன்."

"என்னை மன்னிச்சிரு."

"மன்னிச்சா லெட்டர் மாறிருமா? மூணு ஃபேக்டரிக்குப் போனேன். லெட்டரைப் படிச்சுட்டு வாசலோட அனுப்பிட்டாங்க. எங்கிட்ட வந்து ஏன் அழுவுற? லேபர் ஆபீசுக்குப் போ. உன் பேரு, நம்பரு, தட்டு எல்லாத்தையும் அங்க சொல்லு."

பம்பைத் தூக்கி மாட்டிக்கொண்டாள். என்னைத் தோட்டத்துச் சாலை வரை கொண்டுவந்து விட்டாள். எனக்குக் கண் தெரியவில்லை என்பதை நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கால்வாயைத் தாண்டும்போது என் முழங்கையைப் பிடித்து, தாண்டியதும் விட்டுவிட்டாள்.

18 ஜூலை

தபால் நிலையத்துக்கு எதிரே, கடைகளின் முன் நடைபாதையான அஞ்சடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் சுல்தான் மைதீன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலாயில் எழுதினார். முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தங்கச்சி, இதைக் கொடுத்தா உங்க நஷ்டஈட்டையும் நிறுத்திப்புடுவாங்க. நல்லா யோசிச்சுக்குங்க" என்றார்.

யோசித்துவிட்டேன் என்றேன்.

லேபர் ஆபீசில் அதிகாரியும் அதையே சொன்னார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று நீட்டினார். நீங்களே வாசியுங்கள் என்றேன். அவர் உரக்க வாசித்தார். அந்த அறையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். என் பெயர், என் எண், நாலு தட்டு, கண் பரிசோதனையில் நான் செய்தது எல்லாவற்றையும் அவர்களும் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

2 ஆகஸ்ட்

நஷ்டஈடு இல்லை என்று கம்பெனிக் கடிதம். அம்மா ஓர் அங்காடிச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். தடவி எல்லாம் எடுக்க வருகிறது.

12 செப்டம்பர்

பக்கத்துக்கு நாலு வரிதான் வருகிறது. இதோடு நோட்டு முடிகிறது.

செசிலியிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ரொகையாவுக்குத் தமிழ் தெரியாது. மறுபடியும் சுல்தான் மைதீனிடம்தான் போனேன். அவர் மேசையோரத்தில் உட்கார வைத்து வாசித்தார். சாலையில் லாரி போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

லேபர் ஆபீசில் அவளைக் கூப்பிட்டு அந்த லெட்டரை ரத்து செய்துவிட்டார்களாம். பணம் ஒன்றும் வராதாம், கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்களாம். ஆனால் பெயர் சுத்தமாகிவிட்டது. சுங்கை பட்டாணியில் புதிதாக ஒரு ஃபேக்டரி திறந்திருக்கிறார்கள். விளையாட்டு இல்லை, வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சிப். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கண் டெஸ்ட்டில் கடைசி வரி வரை வாசித்தாளாம். திங்கட்கிழமை முதல் வேலை. அதே மைக்ரோஸ்கோப், அதே தங்கக் கம்பி. இந்தப் பூச்சிக்கு நாற்பது கால். ஒரு நாளைக்கு ஐந்நூறு கேட்கிறார்களாம், தன்னால் முடியும் என்று எழுதியிருக்கிறாள். கடைசியில், 'நீ சொன்னதுக்குச் சந்தோஷம். ஆனா இங்க வர வேண்டாம், பூங்கா. எனக்கு இன்னும் ஆறல.'

"அவ்வளவுதான் தங்கச்சி" என்று மடித்துக் கொடுத்தார். "பதில் போடணுமா?"

போட வேண்டும் என்றேன். என்ன எழுத என்று கேட்டார். ஒரு மணிக்கு ஒரு தரம் கண்ணை எடுத்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லி எழுதுங்கள் என்றேன். எழுதத் தொடங்கிவிட்டு நிறுத்தினார்.

"அந்த மாதிரி ஃபேக்டரியில ஜன்னல் இருக்குமா?"

தூசி வரும் என்று ஜன்னல் வைப்பதில்லை. ஆறு வருஷம் நான் அப்படி ஒரு அறையில்தான் இருந்தேன்.

"இல்ல பாய்."

"அப்ப எப்படி எழுத?"

"தலையைத் தூக்கச் சொல்லி மட்டும் எழுதுங்க. கம்பி ரெண்டாத் தெரிஞ்சா அன்னைக்கே வெளியில வந்துரச் சொல்லுங்க. கண் டெஸ்ட்டுக்கு எழுத்தை யாருகிட்டயும் கேட்டுட்டுப் போக வேணாம்னு எழுதுங்க."

எழுதினார். வாசித்தும் காட்டினார். கையெழுத்துப் போடத் தாளை என் பக்கம் திருப்பினார். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, தாளின் அடியில் ஓரிடத்தில் வைத்தார். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.